பேனாவைத் தொட்டால் படபடப்பு: ஒரு செவிலியரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: எனக்கு 51 வயது. விளாத்திகுளம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து 26 வருடம் ஆகிறது. 108 வண்டி இல்லாத காலத்தில் ராத்திரி ராத்திரியாக வீட்டுப் பிரசவத்துக்கு ஓடியிருக்கிறேன். அந்தக் கதைகளைச் சொன்னால் என் மகள் வாயைப் பிளந்து கேட்பாள். "எழுதி வைம்மா" என்று அழகான டைரி ஒன்று வாங்கித் தந்தாள். எட்டு மாதமாக அது பீரோவில் கிடக்கிறது. எழுத உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. முதல் வரியை எழுதி அடித்து, எழுதி அடித்து, எழுந்து போய்விடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் தமிழ் ஐயா என் கட்டுரையை உரக்கப் படித்து, 'பறவை' என்பதை நான் 'பரவை' என்று எழுதியிருந்ததைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தார். அதிலிருந்து எழுதினால் தப்பு வந்துவிடும் என்று பயம். எனக்குப் பேசுகிற மாதிரிதான் வருகிறது, புத்தகத் தமிழ் வரவில்லை. வீட்டுக்காரர் "இதையெல்லாம் யார் படிப்பா?" என்கிறார். ஒரு குழந்தை இறந்துபோனதை மட்டுமாவது முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அதை நினைத்தாலே கை ஓடவில்லை. இந்த வயதில் எனக்கு எழுத்து வருமா? எழுதினால் உங்களுக்கு அனுப்பலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

மேலே கொடுத்திருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம்தான். முழுக் கடிதம் ஆறு பக்கம். முழுநீளத் தாளில், ஓரம்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். அடித்தல் திருத்தல் அநேகமாக இல்லை. மூன்றாம் பக்கத்துக்கு மேல் கையெழுத்தே வேகம் பிடித்துச் சாய ஆரம்பித்துவிட்டது. கைப்பிரதிகளைச் செம்மை செய்வதுதான் என் தொழில் என்பதால் இதெல்லாம் தானாகவே என் கண்ணில் படும். பயந்து பயந்து எழுதுகிறவர்களின் தாள் இப்படி இருக்காது.

ஆக, பேனா உங்களுக்குப் பகை இல்லை. வேலையில் தினமும் எழுதுகிறீர்கள்: கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பட்டியல், மாத அறிக்கை. அங்கே படபடப்பு இல்லை. எனக்கு எழுதும்போதும் இல்லை. மகள் தந்த டைரியைத் திறந்தால் மட்டும் வருகிறது. பதிவேட்டில் எழுதும்போது விவரம் சரியா என்று மட்டும் பார்க்கிறீர்கள். எனக்கு எழுதும்போது உங்கள் கஷ்டம் எனக்குப் புரிய வேண்டும் என்பதிலேயே மனம் இருந்தது. டைரிக்கு முன்னால் உட்காரும்போது, மார்க் போடுகிற ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் உங்கள் ஒன்பதாம் வகுப்புத் தமிழ் ஐயா.

நம் பள்ளிக்கூடங்களில் நம்மில் பலருக்கு எழுத்து என்றால் இரண்டே காரியத்துக்குத்தான். ஒன்று பரீட்சை, இன்னொன்று தண்டனை. கேள்விக்கு விடை எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அதையே நூறு தடவை இம்போசிஷன் எழுத வேண்டும். கட்டுரை என்றாலும் முன்னுரை, உட்தலைப்புகள், நடுவே ஒரு திருக்குறள், கடைசியில் முடிவுரை. 'நான் கண்ட பொருட்காட்சி' என்று தலைப்புக் கொடுப்பார்கள். பொருட்காட்சிப் பக்கமே போகாத பிள்ளை உரைநூலைப் பார்த்து எழுதி மார்க் வாங்கிவிடும். நிஜமாகவே போய் வந்த பிள்ளை, கூட்டத்தில் தன் செருப்பு ஒன்று தொலைந்துபோய் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்ததை எழுதினால் அதற்கு மார்க் கிடையாது. பார்த்ததை எழுதாதே, எழுதச் சொன்னதை எழுது என்று பத்து வருடம் பழக்கிவிட்டு அனுப்புகிறோம். அப்புறம் அந்தப் பிள்ளை வளர்ந்து, வெள்ளைத் தாளைக் கண்டு மிரண்டால் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. உங்களைப் போல எத்தனையோ பேரின் அனுபவம் தாளுக்கு வராமலே போய்விட்டது.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை, நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் ஜான் டேலி, மைக்கேல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975இல் இதை அளப்பதற்கென்றே 26 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். மதிப்பிடப் போகிறார்கள் என்று தெரிந்தால் எழுதப் பயமாக இருக்கிறதா என்பது போன்றவைதான் அதில் பல. பயம் உள்ளவர்கள் எழுத்தைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பழக்கம் விட்டுப்போகிறது. பழக்கம் விட்டதால் அடுத்த தடவை இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அதைப் பார்த்து, 'எனக்கு வராது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பீரோவுக்குள் டைரி எட்டு மாதம் கிடப்பது இப்படித்தான்.

இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மைக் ரோஸ் என்பவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் பத்துப் பேரைக் கவனித்து 1980இல் எழுதினார். ஐந்து பேர் எழுத முடியாமல் திணறுகிறவர்கள், ஐந்து பேர் சரளமாக எழுதுகிறவர்கள். திணறியவர்களும் கெட்டிக்காரர்கள்தான். அவர்களைக் கட்டிப்போட்டிருந்தவை விதிகள். ஒரு மாணவி, ஒவ்வொரு வாக்கியமும் முதல் தடவையிலேயே இலக்கணப் பிழை இல்லாமல் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் கிடந்தார். சரளமாக எழுதியவர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் ஒரு விதி உதவாவிட்டால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மேலே போய்விட்டார்கள்.

உங்கள் கடிதத்திலும் விதிகள் இருக்கின்றன. முதல் வரி நன்றாக இருக்க வேண்டும். தப்பு வரக் கூடாது. புத்தகத் தமிழில் இருக்க வேண்டும். மிகப் பெரிய துக்கத்தை முதலில் எழுத வேண்டும். இந்த நாலையும் யார் உங்களுக்குச் சொன்னார்கள்?

முதல் வரியை விட்டுத்தள்ளுங்கள். முதல் பத்தியைத் தூக்கிவிட்டு மூன்றாம் பத்தியில் ஆரம்பிக்கச் சொல்வது என் தொழிலில் அடிக்கடி செய்கிற காரியம். அடிபம்பை நாலைந்து அடி அடித்த பிறகுதானே தண்ணீர் வருகிறது? அந்த நாலைந்து அடிதான் முதல் பத்தி. அது யாருக்கும் தெரியப் போவதில்லை. எங்கே ஞாபகம் தெளிவாக இருக்கிறதோ அங்கே ஆரம்பியுங்கள்.

பிழை விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைக் காயப்படுத்தியது அதுதான். ர-ற, ன-ண-ந, ல-ள-ழ. இவற்றில் தடுமாறுவதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. இன்றைய பேச்சில் பெரும்பாலான ஊர்களில் ரகரமும் றகரமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. னகரமும் நகரமும் காதுக்கு ஒன்றுதான். உங்கள் பக்கத்தில் 'மழை' என்பது பலர் வாயில் 'மளை' என்றுதான் வரும். காதில் விழாத வித்தியாசத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படிக்கப் படிக்க அது கையில் படியும், அவ்வளவுதான். அதற்காக ஒரு சிறுமியை நாற்பது பேர் முன்னால் நிறுத்திச் சிரிக்க வைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அந்த ஆசிரியர் செய்தது தவறு. இதை யாராவது உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சந்தி இன்னும் சிரமம். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் பல புத்தகங்கள் எழுதியவர்களும் தடுக்கி விழுவார்கள். ஒரு கைப்பிரதி புத்தகமாகி வெளியே வருவதற்குள் செம்மை பார்க்க ஒருவர், மெய்ப்புப் பார்க்க ஒருவர் என்று பல கண்கள் அதன் மேல் ஓடும். மெய்ப்பே இரண்டு மூன்று சுற்று போகும். நீங்கள் கையில் எடுக்கிற புத்தகம் பிழையில்லாமல் இருந்தால் அதில் பெயர் தெரியாத சிலரின் உழைப்பும் இருக்கிறது. கைப்பிரதியைப் பார்க்காமல் அச்சான பக்கத்தை மட்டும் பார்த்து, உங்கள் முதல் வரியை அதோடு ஒப்பிட்டு மனம் தளர்கிறீர்கள். ஒற்றுப் பிழையைச் சில நிமிஷத்தில் நான் சரிசெய்துவிடுவேன். எழுதாமல் விட்ட ஒன்றை என்னால் எதுவும் செய்ய முடியாது.

அதனால் எழுதுகிற நாளில் திருத்தாதீர்கள். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் அடியில் கோடு போட்டுவிட்டு மேலே போங்கள். திருத்துவதற்கு வேறு ஒரு நாள் வரும்.

அடுத்தது புத்தகத் தமிழ். பேசுகிற மாதிரி வருவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, துரை என்ன சொன்னார், யார் யாரோடு சண்டை என்று, அன்றாடப் பேச்சும் அந்நியச் சொற்களும் கலந்த தமிழில் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். இலக்கணம் பார்த்து எழுதிய எழுத்து இல்லை அது. 18ஆம் நூற்றாண்டின் தென்னிந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தேடிப் போகிறார்கள். 1904 முதல் 1928 வரை அதை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே எழுத்தாளர் கி. ராஜநாராயணனின் ஊரான இடைசெவல் இருக்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், விவசாயி. அவர் கதை அச்சில் வந்தது 1958இல், முப்பத்தைந்து வயதை ஒட்டி. கரிசல் காட்டு மக்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே எழுதினார். அந்தச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியும் செய்தார். 1991இல் சாகித்திய அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' என்ற தன்வரலாற்று நூல் இன்னொரு வகை. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, மனம் உடைந்திருந்த நேரத்தில் தன்னை ஆற்றிக்கொள்ள எழுதியது. தன் சனங்களின் பேச்சிலேயே எழுதினார். மொழியைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம்.

உங்களை இவர்களோடு ஒப்பிட்டுப் புகழ்வது என் நோக்கம் இல்லை. நீங்கள் பேசுகிற தமிழில் எழுதுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று சொல்கிறேன். விவரிக்கிற இடத்தில் சாதாரண எழுத்துத் தமிழ், ஆட்கள் பேசுகிற இடத்தில் அவர்கள் பேச்சு என்று வைத்துக்கொண்டாலே போதும். அதிலும் இரண்டும் கலந்தால் கலக்கட்டும். முதல் எழுத்தில் அதைப் பார்க்க வேண்டாம்.

சரி, இனி சந்தோஷத்துக்கு வருகிறேன். பயம் போனால் மட்டும் யாரும் எழுதிவிட மாட்டார்கள். எழுதுவதில் ஒரு ருசி இருந்தால்தான் மறுநாளும் நோட்டை எடுப்பார்கள்.

டைரியில் எழுதி அடித்த வரியை எனக்குக் காட்டியிருக்கிறீர்கள்: "செவிலியர் பணி என்பது ஓர் உன்னதமான அறப்பணி ஆகும்." அடித்தது சரி. அதை ஒரு பிரசவம்கூடப் பார்க்காதவரும் எழுதலாம். கட்டுரைப் போட்டிக்கு எழுதுகிற பள்ளிப் பிள்ளை எழுதலாம். உங்களிடமிருந்து எதுவும் அதில் இல்லை, அதனால் உங்களுக்கே சலித்துவிட்டது. ஆனால் கடிதத்தின் நான்காம் பக்கத்தில், நான் மேலே சுருக்கத்தில் சேர்க்காத ஓர் இடம் இருக்கிறது. சித்திரை மாதத்து ராத்திரி, ஒரு வீட்டுப் பிரசவம். நீங்கள் எழுதியது இப்படி: "தலை தெரியுது. அந்த நேரத்துல அவ மாமியாளைக் கூப்பிட்டு, கோழியை அடைச்சாச்சான்னு கேட்டா."

இந்த வரியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டின் நிலைமை, அந்தப் பெண் தலைமேல் சுமந்திருந்த பொறுப்பு, ராத்திரியில் கோழியைத் தூக்கிக்கொண்டு போகிற காட்டுப்பூனை, வலிக்கு நடுவிலும் ஓயாத ஒரு குடும்பக்காரியின் மனம் எல்லாம் அதில் இருக்கிறது. நீங்கள் எதையும் விளக்கவில்லை. கற்பனையில் இது யாருக்கும் வராது. அந்த அறையில், அந்த நேரத்தில், அவள் தலைமாட்டில் இருந்தவருக்குத்தான் இது தெரியும்.

அதற்கு அடுத்த வரியை இன்னும் கவனியுங்கள். "இப்ப எழுதும்போதுதான் ஞாபகம் வருது, அன்னைக்கு அவங்க வீட்ல கரண்ட் இல்ல, அரிக்கேன் விளக்குதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருப்பீர்கள். அப்போதெல்லாம் வராத அரிக்கேன் விளக்கு, எழுதும்போது வந்துவிட்டது. எழுத்தின் சந்தோஷம் என்று நான் சொல்வது இதைத்தான். பாராட்டு, அச்சில் பெயர், பரிசு எல்லாம் வந்தால் வரட்டும். ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டது என்று நினைத்த இன்னொன்று வந்து சேர்கிறதே, அந்த நிமிஷத்துக்காகத்தான் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப உட்காருகிறார்கள். பேசும்போது கேட்பவர் முகத்தைப் பார்த்து அடுத்ததற்குத் தாவிவிடுவோம். எழுதும்போது கை மெதுவாகப் போகிறது. மனம் அந்த அறையிலேயே நின்று சுற்றிப் பார்க்கிறது. உங்கள் கையெழுத்து வேகம் பிடித்துச் சாய்ந்ததும் அந்தப் பக்கங்களில்தான். அப்போது உங்களுக்குப் பயம் இருந்ததா? நெஞ்சு படபடத்ததா? நிச்சயமாகத் தமிழ் ஐயா ஞாபகத்தில் இருந்திருக்க மாட்டார்.

இப்போது நடைமுறைக்கு வருவோம்.

டைரியை மகளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஆனால் இப்போதைக்கு அது பீரோவிலேயே இருக்கட்டும். பெட்டிக்கடையில் கிடைக்கிற நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நல்ல தாளில் மோசமாக எழுத மனம் வராது. மலிவான நோட்டில் வரும். ஆரம்பத்தில் மோசமாக எழுதும் சுதந்திரம் உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நேரம் ஒரு பதினைந்து நிமிஷம் போதும். ஃபீல்டுக்குப் போய் வந்து, சமையல் முடித்து, அலுவலகத்திலிருந்து கேட்கிற விவரங்களையும் அனுப்பிவிட்டு உட்காருகிறவரிடம் இரண்டு மணி நேரம் கேட்பது நியாயம் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷம் கூடுமானவரை ஒரே நேரத்தில் இருக்கட்டும். மனம் வந்தால் எழுதுவோம் என்று காத்திருக்காதீர்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுத முடியாமல் தவித்த கல்லூரி ஆசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழு, அவசரத்துக்குத் தவிர எழுதவே கூடாது. ஒரு குழு, மனம் வந்தால் எழுதலாம். ஒரு குழு, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நேரத்தில் எழுதியாக வேண்டும். 1983இல் வெளியான அந்த ஆய்வில், மூன்றாவது குழு அதிகப் பக்கம் எழுதியதோடு, புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. மனநிலை வந்து எழுத்து வரும் என்று நாம் நினைக்கிறோம். உட்கார்ந்தால் மனநிலையும் பின்னாலேயே வந்துவிடுகிறது.

யாருக்கு எழுதுவது? உங்கள் மகளுக்கு. வாயைப் பிளந்து கேட்கிற ஒருவர் வீட்டிலேயே இருக்கும்போது, உலகத்துக்கு எழுதுவானேன்? நோட்டின் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டுவிட்டு, அவள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக ஆரம்பியுங்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எந்த பஸ்ஸில் போனீர்கள்? சப் சென்டர் கட்டடம் எப்படி இருந்தது? முதன்முதலில் உங்களை 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டது யார்? தடுப்பூசி போட வந்த உங்களைப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய வீடுகள் எத்தனை? ஊர் மருத்துவச்சி உங்களைச் சேர்த்துக்கொண்டாரா, பகைத்துக்கொண்டாரா? ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி. பதினைந்து நிமிஷம் முடிந்ததும், இன்னும் சொல்ல இருக்கும்போதே நிறுத்திவிட்டு, அடுத்து எழுதப் போவதை இரண்டு சொல்லில் ஓரத்தில் குறித்து வையுங்கள். மறுநாள் வெறும் தாளில் தொடங்க வேண்டியிருக்காது.

இதுவும் வராத நாளில் போனை எடுத்து, மகளுக்குச் சொல்வதுபோல் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே கையால் எழுதுங்கள். போனில் பேசினால் எழுத்தாக விழுகிற வசதியும் இருக்கிறது. ஆனால் ஊர்ப் பேச்சையும் ஆட்களின் பெயர்களையும் அது கன்னாபின்னா என்று வாங்கும், அதைப் பார்த்து உங்களுக்கு மறுபடியும் பிழைப் பயம் வந்துவிடும். கையால் எழுதுவதே உங்களுக்கு நல்லது. எழுதியதை ஒரு மாதமாவது திரும்பப் படிக்காதீர்கள்.

அந்தக் குழந்தையைப் பற்றி. இதில் உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அதை முதலில் எழுதாதீர்கள். பாரம் மிகுந்ததை எழுதுவதால் பலன் உண்டு என்பது உண்மைதான். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்க்கையின் வேதனையான அனுபவத்தை நாலு நாள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிஷம் எழுதினார்கள். என்ன நடந்தது என்பதையும் மனம் என்ன பாடுபட்டது என்பதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உங்களுக்கு அந்த இரவு ஒரு சாதாரண ஞாபகம் இல்லை. என்ன செய்திருக்கலாம் என்று இன்றுவரை உங்களையே கேட்டுக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. கை பழகட்டும். வேறு பத்துக் கதைகள் நோட்டில் ஏறட்டும். ஒருநாள் அதுவாக வரும்போது எழுதுங்கள், பக்கத்தில் யாராவது இருக்கிற பகல் நேரத்தில். எழுதிய பிறகு பல நாள் தூக்கம் கெட்டாலோ, வேலைக்குப் போகவே மனம் வராவிட்டாலோ நோட்டை மூடிவிட்டு ஒரு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். ஊர்க்காரர்களுக்கு மனநல உதவிக்கான 14416 எண்ணைச் சொல்லி அனுப்புகிறவர் நீங்கள். உங்களுக்கும் அந்த எண் உண்டு.

பெயர்கள் விஷயமும் முக்கியம். நோட்டில் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அது உங்கள் சொந்தம். ஆனால் வெளியே ஒரு பக்கம் போனாலும், அந்தப் பெண்கள் உங்களை நம்பிக் காட்டியதும் சொன்னதும் அவர்களுடையவை. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சின்ன ஊரில் 'மேலத் தெருவில் நாலாவதும் பெண்ணாகப் பிறந்த வீடு' என்றாலே எல்லோருக்கும் தெரிந்துபோகும். ஊர், வருடம், குடும்ப விவரம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். முடிந்த இடத்தில் அவர்களிடமே கேளுங்கள். நீங்கள் அரசு வேலையில் இருப்பதால் அச்சுக்குக் கொடுக்கும் முன் துறையின் விதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதெல்லாம் வெளியிடும்போது வரும் கவலைகள். இவற்றை முன்கூட்டியே இழுத்து வந்து எழுதாமல் இருப்பதற்குக் காரணமாக்கிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் கெட்ட எண்ணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பல வீடுகளில் இந்தக் கேள்வி எழும், பெண்கள் எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் சீக்கிரமாகவே எழும். அவரோடு வாதம் செய்ய வேண்டாம். அவர் கேட்டதற்கு என் பதில்: நான் படிப்பேன். 108 வண்டி தமிழ்நாட்டில் ஓட ஆரம்பித்தது 2008இல். அதற்கு முந்திய காலத்தில் கரிசல் கிராமங்களில் பிள்ளைகள் எப்படிப் பிறந்தன என்பதை அரசாங்கப் புள்ளிவிவரத்தில் பார்க்கலாம். கோழியைப் பற்றிக் கேட்ட பெண்ணை அங்கே பார்க்க முடியாது. முதலில் யாரிடம் காட்டுவது என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். உடனே பேனாவை எடுத்துப் பிழை திருத்துகிறவரிடம் வேண்டாம். மகளிடம் படித்துக் காட்டுங்கள். 'நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காமல், 'எந்த இடத்தில் இன்னும் தெரிஞ்சுக்கணும்போல இருந்துச்சு?' என்று கேளுங்கள். அவள் சொல்வதுதான் மறுநாள் எழுத வேண்டியது.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உ. வே. சாமிநாதையர் தன் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுத ஆரம்பித்தது 1940இல், 85 வயதைத் தொடும்போது. அவர் ஆயுள் முழுவதும் எழுத்தோடு இருந்தவர்தான், உங்கள் நிலைமை வேறு. ஆனால் எழுத வேண்டியதை நீங்களும் இந்த 26 வருடமாகச் சேர்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறீர்கள்.

கடைசியாக, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இப்போது வேண்டாம். முதல் நோட்டு நிறைந்து, ஒரு மாதம் கிடந்து, நீங்களே ஒரு தடவை படித்த பிறகு அனுப்புங்கள். அழகாக நகல் எடுக்க வேண்டாம், எழுதியது எழுதியபடியே வரட்டும். நோட்டில் தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதி, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். செம்மை பார்க்க எனக்கு அந்த இடம் வேண்டும்.